தெருவுக்குள்ள 30 தான்! மெதுவா போனா என்ன நஷ்டம்?

சென்னையில் குடியிருப்பு பகுதி தெருக்களில் எந்த வண்டியாக இருந்தாலும் 30 கிலோ மீட்டர் வேகத்தை தாண்டக்கூடாது. 2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் போக்குவரத்து போலீசார் கொண்டு வந்த விதி இது. மற்ற சாலைகளில் காருக்கு 60, பஸ், லாரி, மோட்டார் சைக்கிளுக்கு 50, ஆட்டோவுக்கு 40 என்று நிர்ணயிக்கப்பட்டது.

நகர எல்லைக்குள் காருக்கு 70 வரை போகலாம் என்று மத்திய அரசு 2018-ல் உச்சவரம்பு வைத்தது. அதை குறைக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு.

30-ல் உருட்டிக்கிட்டு போனா வேலைக்கு எப்போ போய் சேருவது? இதுதான் வண்டி ஓட்டுபவர்களின் கேள்வி. நியாயமான கேள்விதான். கணக்கு போட்டு பார்ப்போம்.

வீட்டில் இருந்து மெயின் ரோடு அரை கிலோ மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50-ல் போனால் 36 வினாடி. 30-ல் போனால் 60 வினாடி. வித்தியாசம் வெறும் 24 வினாடி.

பந்தை துரத்திக்கொண்டு ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால்? சுதாரித்து பிரேக் பிடிக்கவே சுமார் 1 வினாடி ஆகும். அதற்குள் 30-ல் வரும் வண்டி 8 மீட்டர் நகரும். 50-ல் வந்தால் 14 மீட்டர் பாய்ந்துவிடும். 60-ல் மோதினால், 30-ல் மோதுவதை விட அடியின் பலம் 2 மடங்கு அல்ல, 4 மடங்கு!

போர்டு மாட்டினால் மட்டும் வேகம் குறையுமா, தெருவுக்கு தெரு போலீஸ் நிற்க முடியுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். முடியாதுதான். ஒழுங்கான வேகத்தடை, அழியாத வெள்ளைக்கோடு, நடக்க நடைபாதை எல்லாம் வேண்டும்.

அதுவரை பிரேக் நம்ம காலில்தான் இருக்கு. தெருவில் விளையாடுவதும் நம்ம வீட்டு பிள்ளைங்கதான்.