முதலாட்டமும் மறுவாட்டமும்

உலக மக்களுள் பெரும்பாலோர் கண்டு மகிழும் விளையாட்டு கால்பந்தாட்டமாகும். பந்து ஒன்றும் வெற்றிடம் ஒன்றும் இருந்தால் போதும். செல்வரும் வறியரும் ஒருங்கே ஆடலாம். அணிக்குப் பதினொருவர்; ஆடும் காலம் 90 நிமிடம்; எதிரணியின் வலைக்குள் பந்தை மிகுதியாகச் செலுத்தியவரே வென்றவர். இவ்வளவே அதன் அடிப்படை விதி. இதனை அறியாத சிறுவர் நம் நாட்டில் மிகச் சிலரே.

ஆயினும், கோப்பைக்குரிய பெரும் போட்டிகள் சிலவற்றில் இவ்விதி மட்டும் போதுவதில்லை. அங்கே இரு கழகங்கள் ஒருமுறை மோதுவதோடு அமையாமல், இருமுறை மோதும். முதலில் ஒரு கழகத்தின் ஊரில் ஆட்டம் நிகழும். சில நாள் கழித்து மற்றக் கழகத்தின் ஊரில் மீண்டும் நிகழும். இரண்டு ஆட்டங்களிலும் அடித்த கோல்களைக் கூட்டிப் பார்த்தே வெற்றி யாருடையது எனத் துணிவர். முன்னதை முதலாட்டம் என்றும், பின்னதை மறுவாட்டம் என்றும் நாம் கூறலாம். இம்முறை எதனால் ஏற்பட்டது, எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் விளையும் நன்மை யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

‘தன்னூருக்கு யானை, அயலூருக்குப் பூனை’ என்பது நம் நாட்டுப் பழமொழி. வலிமை என்பது ஆளை மட்டும் பொறுத்ததன்று, இடத்தையும் பொறுத்தது. இதனை நன்குணர்ந்த திருவள்ளுவர், இடனறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆழ்ந்த நீரில் பிற உயிர்களை வெல்லும் முதலை, கரையேறிவிட்டால் அவற்றிற்குத் தோற்றுப்போவதை அங்கே அவர் எடுத்துக்காட்டுகிறார். போர்க்களத்திற்கு அவர் உரைத்தது ஆடுகளத்திற்கும் பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். தென்காசிக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அருகில் அமைந்த ஊர் அச்சன்புதூர். ஆனி, ஆடித் திங்கள்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே மேல்காற்று விரைந்து வீசும். குற்றால மலையில் மழை பொழியுங்கால் அதன் சாரல் காற்றோடு கலந்து அடிவாரத்து ஊர்களிலும் வந்து தூவும். அவ்வூரில் வளர்ந்த சிறுவன், உயர்த்தி உதைத்த பந்து அக்காற்றில் எத்துணைத் தூரம் விலகும் என்று கணக்கிட்டே உதைப்பான். நனைந்த புல்லில் வழுக்காமல் திரும்பவும் அறிவான். தூத்துக்குடியிலிருந்து வரும் அணியினர்க்கோ இவை யாவும் புதியன. அவர்கள் உதைத்த பந்து காற்றிலே திசைமாறிச் செல்லும். அவர்கள் திகைத்து நிற்பர்.

இனி, அச்சன்புதூர்ச் சிறுவர் தூத்துக்குடிக்குச் சென்றால் நிலைமை தலைகீழாகும். கடலோரத்து மணற்பாங்கான நிலத்தில் கால் புதையும்; வெயிலும் உப்புக்காற்றும் விரைவில் களைப்பூட்டும். அன்றியும், நெடுவழி வந்த சோர்வும், பழகாத உணவும், சுற்றி நின்று ஆரவாரிக்கும் அயலூர்க் கூட்டமும் வந்தவர் உள்ளத்தைத் தளரச் செய்யும். ஆகவே, ஓர் ஊரில் மட்டும் ஆட்டத்தை நடத்தி, வென்றவர்க்குக் கோப்பையை அளித்தால், அது திறமைக்கு அளித்த பரிசா, இடத்திற்கு அளித்த பரிசா என்னும் ஐயம் எழும். அவ்வையத்தை நீக்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. இருவர்க்கும் பொதுவான மூன்றாம் ஊரில் ஆடுவது ஒன்று. இருவர் ஊரிலும் ஆடுவது மற்றொன்று. இரண்டாம் வழியே நாம் கூறவந்த முறையாகும்.

நம் இல்லங்களில் திருமணம் முடிந்தபின் மறுவீடு அழைக்கும் வழக்கம் உண்டன்றோ? ஒரு வீட்டில் விருந்து நடந்தால் அடுத்த வீட்டிலும் நடக்கவேண்டும். அப்போதுதான் இரு வீட்டார்க்கும் சம மதிப்பு. கால்பந்தின் மறுவாட்டமும் அத்தகையதே. முதல் நாள் விருந்தினராகச் சென்றோர் அடுத்த முறை விருந்தளிப்போர் ஆவர்.

இம்முறையில் கணக்கிடும் வகையை அறிந்துகொள்வோம். அச்சன்புதூரில் நடந்த முதலாட்டத்தில் அவ்வூரார் 2 கோல் அடித்தனர், தூத்துக்குடியார் கோல் ஏதும் அடிக்கவில்லை என்று கொள்வோம். மறுவாட்டத்தில் தூத்துக்குடியார் 1 கோல் அடித்தனர், அச்சன்புதூரார் ஒன்றும் அடிக்கவில்லை. இரண்டாம் ஆட்டத்தில் வென்றவர் தூத்துக்குடியாரே. ஆயினும் கூட்டுத்தொகை 2க்கு 1 ஆதலால், கோப்பை அச்சன்புதூர்க்கு உரியதாகும். இறுதி நாளில் தோற்றவரே கோப்பையைக் கையில் ஏந்துதல் இம்முறையில் நிகழக்கூடும்.

கூட்டுத்தொகை சமமாக நின்றால் என்செய்வது? மறுவாட்டத்தின் முடிவில் 30 நிமிடம் மிகைநேரம் அளிப்பர். அதிலும் முடிவு காணாவிடின், ‘பெனால்டி’ என வழங்கும் தண்ட உதைகளால் வெற்றியை முடிவு செய்வர். ஐரோப்பியக் கழகப் போட்டிகளில் 1965ஆம் ஆண்டு வேறொரு விதியும் புகுந்தது. தொகை சமமானால், அயலூரில் மிகுதியாகக் கோல் அடித்த அணியே வென்றதாகும் என்பது அவ்விதி. அயலூருக்குச் செல்வோர் அஞ்சி ஒடுங்கி ஆடாமல், துணிந்து தாக்கி ஆடவேண்டும் என்பதே அதன் நோக்கம். நாளடைவில் அந்நோக்கம் திரிந்தது. தம் வலைக்குள் ஒரு கோல் விழுந்துவிட்டால் இழப்பு பெரிதாகுமே என்று, சொந்த ஊரில் ஆடுவோர் அஞ்சலாயினர். ஆகவே 2021ஆம் ஆண்டு அவ்விதியை நீக்கினர். விதிகள் ஆட்டத்திற்காக ஏற்பட்டவை. ஆட்டத்திற்கு ஊறு நேரின் அவற்றை மாற்றுதல் அறிவுடைமையே.

நாட்டுக் கோப்பையின் இறுதிப் போட்டியையே இவ்வாறு இரண்டு ஆட்டங்களாக நடத்திய நாடுகள் சில உண்டு. அவற்றுள் பிரேசில் ஒன்று. அந்நாட்டுக் கோப்பைப் போட்டி 1989ஆம் ஆண்டு தோன்றியது. முதல் ஆண்டின் இறுதியில் மோதிய கழகங்கள் ஸ்போர்ட், கிரேமியோ என்பன. ஸ்போர்ட் கழகத்தின் ஊராகிய ரெசீஃபே, நாட்டின் வடகிழக்கில் வெம்மை மிக்க கடற்கரையில் உள்ளது. கிரேமியோவின் ஊராகிய போர்ட்டோ அலெக்ரியோ, குளிர்காலத்தை உடைய தென்கோடியில் உள்ளது. இரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவு. ரெசீஃபேயில் நடந்த முதலாட்டத்தில் இரு தரப்பாரும் கோல் அடிக்கவில்லை. போர்ட்டோ அலெக்ரியில் நடந்த மறுவாட்டத்தில் கிரேமியோ 2க்கு 1 என வென்று முதற்கோப்பையைப் பெற்றது. இரு கோடியிலுள்ள மக்களும் இறுதிப் போட்டியைத் தம் ஊரிலேயே காணும் பேறு பெற்றனர்.

இத்தாலி நாட்டிலும் 1981 முதல் 2007 வரை இம்முறை வழங்கியது. 2007ஆம் ஆண்டின் இறுதியில் ரோமா கழகமும், மிலான் நகரத்து இன்டர் கழகமும் எதிர்நின்றன. இன்டர் அவ்வாண்டின் லீக் பட்டத்தை வென்ற பேரணி. எனினும் ரோமில் நடந்த முதலாட்டத்தில் ரோமா 6க்கு 2 எனப் பெருவெற்றி கொண்டது. மிலானில் நடந்த மறுவாட்டத்தில் இன்டர் 2க்கு 1 என வென்றது, ஆனால் பயனில்லை. கூட்டுத்தொகை 7க்கு 4 ஆகிக் கோப்பை ரோமாவிற்கே சென்றது. மறு ஆண்டு முதல் இத்தாலியர் இறுதிப் போட்டியை ஒரே ஆட்டமாக மாற்றிக்கொண்டனர்.

நம் நாட்டில் 2014ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் என்னும் போட்டி தொடங்கியது. இதன் இறுதியாட்டம் ஒன்றே. ஆயினும் அதற்கு முற்பட்ட அரையிறுதிகளை இருவர் ஊரிலும் நடத்தினர். முதல் இரண்டு ஆண்டுகளில் சென்னையின் எஃப்.சி. கழகம் அடைந்த இன்பதுன்பங்கள், இம்முறையின் இயல்பை நமக்கு நன்கு உணர்த்தும்.

2014ஆம் ஆண்டு லீக் சுற்றில் புள்ளிப் பட்டியலின் முதலிடத்தில் நின்றது சென்னை அணி. அரையிறுதியில் அதனை எதிர்த்தது கேரளா பிளாஸ்டர்ஸ். டிசம்பர் 13ஆம் நாள் கொச்சியில் முதலாட்டம் நடந்தது. கேரள மக்களின் பேராரவாரத்தினிடையே சென்னை அணி 3 கோல்களை வாங்கி, ஒன்றும் அடிக்காமல் திரும்பியது. கதை முடிந்ததென்றே பலரும் எண்ணினர். ஆனால், மூன்று நாள் கழித்துச் சென்னை நேரு விளையாட்டரங்கில் காட்சி மாறியது. பிரெஞ்சு நாட்டவரான மிக்காயேல் சில்வெஸ்டர் முதற்கோலை அடித்தார். கேரளக் காவலர் ஒருவராலேயே பந்து அவர்தம் வலைக்குள் சென்று இரண்டாம் கோல் ஆயிற்று. ஆட்டம் முடியும் தறுவாயில், மிசோரத்தைச் சேர்ந்த ஜேஜே லால்பெக்லுவா மூன்றாம் கோலை அடித்தார். கூட்டுத்தொகை 3க்கு 3! அரங்கம் அதிர்ந்தது. ஆனால் மிகைநேரம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, கேரள அணியின் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் அடித்துவிட்டார். சென்னை அந்நாள் ஆட்டத்தை 3க்கு 1 என வென்றும், 3க்கு 4 எனத் தொகையில் தோற்று வெளியேறியது. தன் ஊரில் பெற்ற வெற்றி, அயலூரில் பெற்ற தோல்வியை ஈடுசெய்யவில்லை.

மறு ஆண்டு வந்த சோதனை இதனினும் பெரிது. 2015 டிசம்பர்த் தொடக்கத்தில் சென்னையில் பெருமழை பெய்தது. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாற்று வெள்ளம் கரைகடந்தது, விமான நிலையம் மூடப்பட்டது, எண்ணற்றோர் வீடிழந்தனர், பலர் உயிரிழந்தனர். அந்நிலையில் அரையிறுதியின் முதலாட்டத்தைச் சென்னையில் நடத்த இயலவில்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள புனே நகரமே சென்னை அணிக்கு ‘சொந்த ஊர்’ ஆயிற்று. வழக்கமாகச் சூழ்ந்து நின்று ஊக்குவிக்கும் மக்கள் வெள்ளத் துயரில் இருந்தனர். எதிர்நின்றதோ முந்தைய ஆண்டின் கோப்பையை வென்ற அத்லெட்டிகோ டி கொல்கத்தா.

இம்முறையின் நியாயமே, இருவர்க்கும் ஒவ்வோர் ஊர் உண்டு என்பதில் நிற்கிறது. அந்த உரிமையை இயற்கை பறித்துக்கொண்டது. எனினும் சென்னை வீரர் மனந்தளரவில்லை. டிசம்பர் 12ஆம் நாள் புனேயில் பெலிசாரி, ஜேஜே, மென்டோசா ஆகிய மூவரும் ஆளுக்கொரு கோல் அடிக்க, 3க்கு 0 என வென்றனர். 16ஆம் நாள் கொல்கத்தாவில் பெருங்கூட்டத்தின்முன் நடந்த மறுவாட்டத்தில் 1க்கு 2 எனத் தோற்றனர். சென்னையின் அந்த ஒரு கோலை அடித்தவர் ஃபிக்ரு. அவர் முந்தைய ஆண்டு கொல்கத்தா அணியில் ஆடியவர் என்பது குறிக்கத்தக்கது. 4க்கு 2 என்னும் கூட்டுத்தொகையால் சென்னை இறுதிக்கு முன்னேறியது.

20ஆம் நாள் நடந்த இறுதியாட்டம் ஒற்றை ஆட்டம். அதுவும் எதிரணியான கோவாவின் சொந்தக் களமாகிய ஃபட்டோர்டாவில் நடந்தது. ஆட்டம் முடியுந் தறுவாயில் கோவா 2க்கு 1 என முன்னின்றது. அடுத்த சில நிமிடங்களில் இரண்டு கோல்கள் விழுந்தன. சென்னை 3க்கு 2 என வென்று கோப்பையைக் கைக்கொண்டது. வீடிழந்து வாடிய நகரத்தார்க்கு அச்செய்தி துயரை நீக்கும் மருந்தன்று. ஆயினும், தம் ஊரின் பெயர் வெற்றியோடு ஒலிக்கக் கேட்டது அவர்களுக்கு ஓர் ஆறுதலாயிற்று.

இரண்டு ஆட்ட முறையைக் குறைகூறுவோரும் உண்டு. பயணச் செலவும் களைப்பும் இரட்டிக்கும் என்பர். முதலாட்டத்தில் ஓரணி மிகுதியாக வென்றுவிட்டால், மறுவாட்டம் சுவையற்றுப்போகும் என்பர். ஒரே ஆட்டத்தில் உள்ள பரபரப்பு இதில் இல்லை என்பர். இவற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும், சென்னை அணியின் முதலாண்டு மறுவாட்டத்தைக் கண்டவர் அதனைச் சுவையற்றதென்று கூறமாட்டார். மேலும், இரு நகரத்து மக்களும் ஒருவரையொருவர் விருந்தினராக ஏற்று நடத்தும் பண்பும் இம்முறையால் வளர்கிறது. இன்று நம் ஊருக்கு வந்தவரை இகழ்ந்தால், நாளை அவர் ஊருக்கு நாம் செல்லவேண்டுமே என்னும் எண்ணம் நாவை அடக்கும்.

மாணவர்களே! முதலாட்டத்தில் வென்றவர் செருக்குற்றால், மறுவாட்டத்தில் வீழ்வர். முதலாட்டத்தில் தோற்றவர் சோர்ந்துவிட்டால், எஞ்சிய 90 நிமிடங்களையும் தாமே இழப்பர். தேர்வு ஒன்றில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்க்கும், மிகுந்த மதிப்பெண் பெற்றவர்க்கும் இது பொருந்தும். தனக்கு ஏற்ற இடத்தில் மட்டும் சிறத்தல் எளிது. பழகாத இடத்திலும், இடமே பறிபோன காலத்திலும் நிலைகுலையாது நிற்றலே உண்மையான திறமை. கூட்டுத்தொகை முடியும் வரை வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை என்பதை நெஞ்சில் இருத்தி, களத்திலும் கல்வியிலும் நீங்கள் முயல்வீர்களாக!