பழைய கிட்டாருக்கு என்ன விலை கேட்கலாம்?

பழைய கிட்டாரை விற்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தாங்கள் கொடுத்த பணத்தை மனதில் வைத்து விலை சொல்கிறார்கள். இல்லையென்றால், இணையத்தில் அதே மாடலுக்கு யாரோ போட்டிருக்கும் விலையைப் பார்த்துச் சொல்கிறார்கள். ஒரு விளம்பரம் ஆறு மாதமாக அப்படியே கிடக்கிறதென்றால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்றுதான் பொருள். அதே மாடல், ஏறத்தாழ அதே நிலையில், உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்பதே நமக்கு வேண்டும். அந்தத் தொகையிலிருந்து, கையில் இருக்கும் கிட்டாரை நன்றாக வாசிக்கும் நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் அதன் மதிப்பு.

அமெரிக்காவின் ரிவெர்ப் தளம் விற்று முடிந்த விலைகளைத் தொகுத்துக் காட்டுகிறது. ஆனால் அந்த டாலரை ரூபாயாக்கி இங்கே கேட்க முடியாது. இறக்குமதி வரியும் அனுப்பும் செலவும் சேர்ந்து இங்கே புதுக் கிட்டாரின் விலையே வேறாக இருக்கிறது. கிட்டார் சொல்லித்தரும் ஆசிரியர்கள், பழுது பார்ப்பவர்கள், கடைக்காரர்கள் என்று இரண்டு மூன்று பேரிடமாவது, ‘இது கடைசியாக எவ்வளவுக்குப் போனது?’ என்று கேட்டுப் பாருங்கள். யமஹா எஃப்310 போல எங்கும் கிடைக்கும் மாடல் என்றால் பதில் உடனே வரும். அதன் புதுப் பிரதிக்கு இன்று கடையில் என்ன விலையோ, அதுவே உங்களுக்கு உச்சவரம்பு. கேள்விப்படாத பெயர் பொறித்த கிட்டாரை, ஒலி நன்றாகவே இருந்தாலும், விற்பது கடினம். வாங்குபவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருக்காது.

இனி கழிக்க வேண்டிய செலவு. உடம்பில் இருக்கும் கீறல்களைப் பார்த்துக் கவலைப்படுபவர்கள் நெக்கைப் பார்ப்பதே இல்லை. பணம் போவது அங்கேதான். இரும்புக் கம்பி பூட்டிய அகூஸ்டிக் கிட்டாரில் ஆறு கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. வருடக்கணக்கில் இழுபட்டால், உடம்போடு நெக் சேரும் கோணம் மெல்ல மாறும். கம்பிகள் ஃப்ரெட்போர்டை விட்டு மேலே எழும்பும். 12ஆவது ஃப்ரெட்டின் மேல் தடித்த கம்பிக்கு ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் இடைவெளி, மெல்லிய கம்பிக்கு 2 மில்லிமீட்டர் என்றால் வாசிக்கச் சுகமாக இருக்கும். 4 மில்லிமீட்டர் என்றால் விரல் வலிக்கும்.

‘ட்ரஸ் ராடைத் திருகினால் சரியாகிவிடும்’ என்று பலர் சொல்வார்கள். நெக்குக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராட் சரிசெய்வது நெக்கின் வளைவைத்தான். உடம்போடு அது சேரும் கோணத்தில் அதற்கு வேலையில்லை. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. முதலில் நெக் வளைவின்றி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு நீளமான, நேரான ஸ்கேலை ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல் விளிம்பைத் தொட்டால் கோணம் சரி. முனை கீழிறங்கி பிரிட்ஜின் முகத்தில் இடித்தால், கோணம் போய்விட்டது. அப்போது பிரிட்ஜில் செருகியிருக்கும் சேடிலையும் பாருங்கள். கம்பியைத் தாழ்த்துவதற்காக ஏற்கெனவே அதைத் தேய்த்துத் தேய்த்து மட்டமாக்கியிருப்பார்கள்.

அந்த நிலைக்கு வந்த கிட்டாருக்கு நெக் ரீசெட் செய்ய வேண்டும். மார்ட்டின் போன்ற பாரம்பரியக் கட்டுமானத்தில் நெக் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. நீராவி விட்டு மெல்லக் கழற்றி, மரத்தை இழைத்து, மீண்டும் ஒட்ட வேண்டும். கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை, செலவும் அதிகம். டெய்லர் நிறுவனம் 1999இல் கொண்டுவந்த நெக் அமைப்பில் போல்ட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய மரத்துண்டை மாற்றினால் போதும். எட்டாயிரம் ரூபாய்க் கிட்டாருக்கோ, நெக் ரீசெட் கூலியே அதன் விலையைத் தாண்டும். அதற்குப் பெரிய விலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மற்றவை சிறு செலவுகள். முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் கம்பி பதிந்த பள்ளம், துருப்பிடித்த டியூனிங் கீ, வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்ததால் கொஞ்சம் எழும்பிய பிரிட்ஜ் எல்லாம் சரிசெய்யக்கூடியவை. கூலியை விசாரித்துக் கழித்துக்கொள்ளலாம். ஹெட்ஸ்டாக் முறிவு மட்டும் விதிவிலக்கு. கிப்ஸன் வகைக் கிட்டார்களில் ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதாலும், ட்ரஸ் ராடுக்காக அங்கே மரம் குடையப்பட்டிருப்பதாலும், கீழே விழுந்தால் முதலில் முறிவது அந்த இடம். நன்றாக ஒட்டினால் பல ஆண்டுகள் உழைக்கும், ஒலியும் கெடாது. ஆனாலும் விலை ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஒட்டிய கிட்டாரை விற்பவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்து விற்பது ஏமாற்றுவதுதான்.

செலவு செய்து பிக்கப் மாற்றியவர்கள் அந்தப் பணத்தை விலையில் சேர்க்கப் பார்ப்பார்கள். வாங்குபவர் அதற்குத் தர மாட்டார். பழைய பிக்கப்பைத் திரும்பப் பொருத்திவிட்டு, புதியதைத் தனியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும்.

‘முப்பது வருடப் பழசு, அதனால் விலை கூடும்’ என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. வயதால் விலை ஏறுவது சில கிட்டார்களுக்கு மட்டுமே. அவற்றுக்குக் குறிப்பிட்ட காரணங்கள் இருக்கின்றன. ஃபெண்டர் நிறுவனம் 1965 தொடக்கத்தில் சிபிஎஸ் நிறுவனத்தின் கைக்குப் போனது. அதற்கு முன் செய்தவற்றின் தரத்தைத் தேடுபவர்கள் இன்றும் பெரும்பணம் தருகிறார்கள். மார்ட்டின் 1969 வரை தன் ரோஸ்வுட் மாடல்களில் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டைப் பயன்படுத்தியது. அது அரிதானதும் நம் ஈட்டி மரத்துக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் அதே ஈட்டிதான். பிரேசில் மரம் 1992இல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது; உரிய ஆவணம் இல்லாமல் அந்தக் கிட்டார் எல்லை தாண்ட முடியாது. இப்படிப்பட்ட கிட்டாருக்கு மறுபடி பாலிஷ் போட்டு அழகாக்கினால், மதிப்பு ஏறத்தாழப் பாதி போய்விடும். அழுக்கைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வயதைச் சீரியல் எண்ணிலிருந்து அறியலாம். 1977க்குப் பிறகான கிப்ஸனின் எட்டு இலக்க எண்ணில் முதலும் ஐந்தாவதும் ஆண்டு, இடையில் உள்ள மூன்றும் அந்த ஆண்டின் நாள். 82019345 என்றால் 1989ஆம் ஆண்டின் 201ஆவது நாள். சில விதிவிலக்குகளும் உண்டு. பெரும்பணம் புழங்கும் இடத்தில் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக எக்ஸ்சேஞ்ச். கடை உங்கள் கிட்டாரை 18,000 ரூபாய்க்கு விற்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். கையில் 9,000 அல்லது 10,000தான் தரும். வாடகை, பழுது, மாதக்கணக்கில் முடங்கும் பணம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதில் அநியாயம் இல்லை. கவனிக்க வேண்டியது வேறு. 60,000 ரூபாய்ப் புதுக் கிட்டாரை வாங்கினால் பழையதற்கு 11,000 தருவதாகக் கடை சொல்கிறது. நீங்கள் கட்டுவது 49,000. எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் கேட்டிருந்தால் பத்து சதவீதத் தள்ளுபடி கிடைத்து விலை 54,000 ஆகியிருக்கும். பழையதை 9,000க்கு ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் உங்கள் செலவு 45,000. நீங்களே 17,000க்கு விற்றால் 37,000. ஆகவே பழைய கிட்டாரைப் பற்றிப் பேசாமல் புதியதன் கடைசி விலையை முதலில் கேட்டு வாங்குங்கள். பழையதை அதற்குப் பிறகு எடுங்கள்.

நெக் ரீசெட் தேவைப்படும் நல்ல கிட்டாரை மட்டும், சொந்தமாகப் பழுது பார்க்கும் ஆள் வைத்திருக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். உங்களுக்கு வெளிக்கூலியாக ஆகும் வேலை அவர்களுக்கு உள்ளேயே முடிந்துவிடும். தனியாளைவிட அவர்கள் கூடுதலாகத் தரக்கூடும்.