அந்தச் சண்டையையும் சேர்த்து

மருத்துவத்துக்காக உயிரை விட்டவர்களுக்கு எழுதப்படும் அஞ்சலிகளில் மனைவி ஒரு வரியில் வந்துபோவார்: பக்கபலமாக இருந்தார், பொறுத்துக்கொண்டார். இத்தாலிய மருத்துவர் கார்லோ உர்பானியின் மனைவி ஜூலியானா அந்த வரிக்குள் அடங்கவில்லை. அவர் கணவரோடு சண்டை போட்டவர்.

2003 பிப்ரவரி கடைசி. உலக சுகாதார நிறுவனத்துக்காக வியட்நாமின் ஹனோயில் இருந்தார் உர்பானி. அவர் துறை குடற்புழுக்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுக்கிற வேலை. ஹாங்காங் வழியாக வந்த ஓர் அமெரிக்க வணிகருக்கு இன்னதென்று புரியாத நிமோனியா என்று அங்குள்ள பிரெஞ்சு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. சில நாட்களில் அவரைக் கவனித்த செவிலியர்கள் ஒவ்வொருவராகப் படுக்கையில் விழுந்தார்கள். உர்பானி விடாமல் அங்கே போனார். மாதிரிகள் எடுத்தார், நோயாளிகளைத் தனிமைப்படுத்தச் சொன்னார், இது வழக்கமான ஃப்ளூ இல்லை என்று மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

வீட்டில் மூன்று பிள்ளைகள். அவர்களை நினைத்துப் பார்க்க வேண்டாமா என்றார் ஜூலியானா. இந்த நேரத்தில் போகாவிட்டால் நான் இங்கே எதற்கு, மின்னஞ்சலுக்குப் பதில் போடவும் விருந்துகளுக்குப் போகவுமா என்று கேட்டார் உர்பானி. எனக்கென்னவோ இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

மார்ச் 11 அன்று பாங்காக் போகும் விமானத்திலேயே உர்பானிக்குக் காய்ச்சல். அழைத்துப்போக வந்த சக மருத்துவரைக் கிட்டே வரவிடவில்லை. பாதுகாப்பு உடையோடு ஆம்புலன்ஸ் வரும்வரை ஒன்றரை மணி நேரம், இருவரும் எட்டி எட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பிறகு சார்ஸ் என்று பெயர் பெற்ற இந்த நோயைப் பற்றி மறுநாள் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளையும் எச்சரித்தது.

ஜூலியானா பாங்காக் வந்து சேர்ந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவர். பேச ஓர் இன்டர்காம். மார்ச் 29 அன்று, 46 வயதில், உர்பானி இறந்தார். தன் நுரையீரல் திசுவை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

ஏப்ரல் 28 அன்று சார்ஸைக் கட்டுப்படுத்திய முதல் நாடானது வியட்நாம். உலகம் முழுக்க இறந்தவர்கள் 774 பேர். கோவிட்டைப் பார்த்துவிட்ட நமக்கு இது சின்ன எண்ணாகத் தெரியலாம். சார்ஸ் பெரும்பாலும் நோய் முற்றிய பிறகே அடுத்தவருக்குத் தொற்றும். அதனால் ஆளைக் கண்டுபிடித்து ஒதுக்கி வைத்தாலே பரவல் நின்றது. ஆனால் ஒதுக்க வேண்டும் என்று யாராவது முதலில் சொல்ல வேண்டுமே. அந்த வைரஸின் ஒரு வகைக்கு விஞ்ஞானிகள் உர்பானி என்றே பெயர் வைத்தார்கள்.

வீட்டுக்குள் நடந்த அந்த வாக்குவாதம் வெளியே வந்தது ஜூலியானா வாயால்தான். கணவர் போன துக்கத்தில் அதை அவர் மறைத்திருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது ஒரு தியாகி மட்டும்தான். மனைவி தடுத்தும் கேட்காமல் கிளம்பிய ஒரு மனிதரை நமக்குக் காட்டியவர் அவர்.