கால்கட்டு போட்டாலும் அடங்காத துறுதுறுப்பு

போர் மோட்டாரைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போனவர், தண்ணீர் வரப்பை உடைத்துப் பக்கத்துக் கொல்லைக்குள் பாய்ந்த பிறகுதான் ஓடி வருகிறார். ஒரு நாள் நடந்தால் மறதி. இவருக்கு வாராவாரம் நடக்கிறது. கூட்டுறவுச் சங்க நோட்டீஸ் பிரிக்காமலே கிடக்கும். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தைக் கடைசி நாள் இரவு 11 மணிக்குத் திறப்பார். பணம் கட்டுவதற்குள் நேரம் முடிந்துவிடும். அதே ஆள், பழுதான இன்ஜினைப் பிரித்து உட்கார்ந்தால் சோறு தண்ணீர் நினைவிருக்காது. ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கம் மட்டுமல்ல, எந்த ஊரிலும் இப்படிச் சிலரைப் பார்க்கலாம். 'பொறுப்பில்லாதவன்' என்று பெயர் விழும். 'ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்' என்று கல்யாணமும் நடக்கும். சரியாவதில்லை, சுமை மனைவியின் தலையிலும் ஏறுகிறது.

இவர்களில் சிலருக்கு இருப்பது ஏடிஎச்டி. கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த, மூளை வளர்ச்சி சார்ந்த நிலை. கவனமே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் வைப்பதும், வேண்டாதபோது எடுப்பதும்தான் சிரமம். திட்டமிடுவதையும் அவசரத்தை அடக்குவதையும் பார்த்துக்கொள்வது நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் பகுதி. அங்கே டோபமைன், நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள்களின் செயல்பாடு மாறுபடுகிறது. இரட்டையர் ஆய்வுகளின்படி, ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 70 சதவீதத்துக்கு மேல் மரபுக் காரணங்களைச் சேர்ந்தது. அப்பா வளர்த்த விதம் என்று யாரையும் குற்றம் சொல்ல இதில் இடமில்லை.

வளர்ந்தால் போய்விடும் என்றே மருத்துவர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். பலருக்குப் போவதில்லை. ஓட்டமும் குதியும் அடங்கி, உள்ளுக்குள் ஓயாத பரபரப்பாக மாறுகிறது. பெரியவர்களில் சுமார் 2.5 சதவீதம் பேருக்கு, சிறுவயதில் தொடங்கிய இந்நிலை நீடிப்பதாக 2021இல் வந்த உலகளாவிய தொகுப்பாய்வு கணித்தது. 2011 கணக்கெடுப்பில் புதுக்கோட்டை மாவட்ட மக்கள்தொகை 16 லட்சம். அதில் பெரியவர்கள் 10 லட்சம் என்று வைத்தாலும், அந்த விகிதப்படி 25 ஆயிரம் பேர் வருகிறார்கள். பெண்கள் இன்னும் கூடுதலாக மறைந்திருக்கிறார்கள். வகுப்பில் சத்தம் போடாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்பிள்ளையை எந்த ஆசிரியரும் கவனிப்பதில்லை. பிறகு அடுப்பில் பால் பொங்கி வழியும்போதெல்லாம் வசவு அவளுக்குத்தான்.

இதைக் கண்டறிய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, வீடு, வேலை என இரண்டு இடங்களிலாவது வாழ்க்கையைக் கெடுக்கின்றனவா என்று மனநல மருத்துவர் பொறுமையாகக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தைராய்டு கோளாறு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, மதுப்பழக்கம் ஆகியவையும் இப்படியே தோற்றம் காட்டும். ஆகவே ரீல்ஸ் பார்த்துத் தனக்குத் தானே முத்திரை குத்திக்கொள்வது ஆபத்து.

சிகிச்சை உண்டு. மெத்தில்ஃபெனிடேட் பலருக்கு நன்றாக உதவுகிறது. கட்டுப்பாட்டிலுள்ள மருந்து என்பதால் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்க முடியாது. அட்டோமோக்ஸெடின் வேறு வகை. மருந்தோடு, வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பது, செல்போனில் அலாரம் வைப்பது, எதையும் எழுதி ஒட்டுவது போன்ற பழக்கங்களும் வேண்டும். மோட்டாரைப் போட்ட கையோடு அலாரமும் வைத்துவிட்டால் பாதி வம்பு குறையும்.

1991-92இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில், பள்ளி கைவிட்ட பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தும் சைக்கிளும் கற்ற மாவட்டம் புதுக்கோட்டை. 'படிப்பு ஏறாத தலை' என்ற தீர்ப்பை இந்த மண் ஏற்கெனவே ஒருமுறை பொய்யாக்கியிருக்கிறது. பெரியவர்களின் ஏடிஎச்டிக்கும் அதே அக்கறை வேண்டும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் வரை இதைப் பற்றிப் பேச வேண்டும்.

சந்தேகம் இருப்பவர்கள் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். போகும்போது பழைய ரேங்க் கார்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அம்மாவையோ அக்காவையோ கூட்டிப் போங்கள். உங்கள் சிறுவயதைப் பற்றி மருத்துவர் அவர்களிடம்தான் கேட்பார்.