பணியிடப் பன்மைத்துவமும் திண்டுக்கல் ஒப்பந்தமும்

பணியிடப் பன்மைத்துவம் என்பது ஒரு வேலைத்தலத்தில் பல சாதி, பால், சமயம், மொழி, உடல்நிலை கொண்டவர்கள் இடம்பெற்றிருப்பதைக் குறிக்கும். இடம்பெற்ற பின் அவர்கள் சமமாக நடத்தப்படுவதும், குறையை அச்சமின்றிச் சொல்ல முடிவதும், பதவி உயர முடிவதும் உள்ளடக்கல் எனப்படும். இவ்விரண்டும் ஒன்றெனக் கருதப்படுவது வழக்கம், அது தவறு. திண்டுக்கல் சமவெளியின் நூற்பாலைகளையும் ஆயத்த ஆடை ஆலைகளையும் பார்த்தால் வேறுபாடு எளிதில் விளங்கும். அங்கே பெண்கள் இருக்கிறார்கள், தலித்துகள் இருக்கிறார்கள், வடமாநிலங்களிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆள் எண்ணிக்கையை மட்டும் கணக்கிட்டால் பன்மைத்துவத்துக்குக் குறைவில்லை. ஆனால் தறியிலும் தையல் இயந்திரத்திலும் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்களாகவும், சூப்பர்வைசர்கள் பெரும்பாலும் ஆண்களாகவும் இருக்கும் இடத்தில், யார் குரல் யாருக்குக் கேட்கும் என்பதே கேள்வி.

எதிர்ப்பின் இரண்டு வகைகள்

இம்முயற்சிகளுக்கு உலகெங்கும் எதிர்ப்பு வளர்ந்துள்ளது. அமெரிக்காவில் 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கல்லூரிச் சேர்க்கையில் இன அடிப்படையைக் கருதுவதற்குத் தடை விதித்தது. 2025 ஜனவரியில் பதவியேற்ற அதிபர் டிரம்ப், கூட்டாட்சி அரசின் பன்மைத்துவத் திட்டங்களை முடித்துவைக்கும் ஆணைகளைப் பிறப்பித்தார். அரசு ஒப்பந்தக்காரர்கள் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1965இல் அதிபர் ஜான்சன் பிறப்பித்திருந்த ஆணையும் அப்போது நீக்கப்பட்டது. ஏறத்தாழ 60 ஆண்டுகள் நின்ற ஏற்பாடு ஒரே கையெழுத்தில் போனது. பல பெரிய நிறுவனங்களும் தங்கள் திட்டங்களைச் சுருக்கிக்கொண்டன.

இது வெளிப்படையான எதிர்ப்பு. மற்றொரு வகை எதிர்ப்பு வாய் திறப்பதில்லை. "இங்கே எல்லாரும் ஒரே குடும்பம், சாதி பற்றிப் பேசி ஏன் பிரிக்கிறீர்கள்?" என்பது அதன் மொழி. கமிட்டியைக் காகிதத்தில் அமைப்பது, புகார் கொடுத்தவரை வேறு ஷிப்டுக்கு மாற்றுவது, டார்கெட் போய்விடும் என்று கூட்டத்தைத் தள்ளிவைப்பது எல்லாம் இவ்வகையைச் சேரும். நம் ஊர்களில் இந்த இரண்டாம் வகைதான் அதிகம். எதிர்த்து வாதிட ஆள் அகப்படாததால், முதல் வகையைவிட இதைச் சமாளிப்பது கடினம்.

தமிழ்நாட்டின் பழைய அனுபவம்

வேலைவாய்ப்பில் பங்கு கேட்பதும் அதற்கு எதிர்ப்பு எழுவதும் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. சென்னை மாகாணத்தில் 1920களில் வகுப்புவாரி அரசாணைகள் வந்தன. நடைமுறைக்கு வந்த முறைப்படி, ஒவ்வொரு 12 அரசுப் பணியிடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் உள்ளிட்ட கிறித்தவர்களுக்கு 2, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 1 என ஒதுக்கப்பட்டது. குடியரசு பிறந்ததும் இது நீதிமன்றம் சென்றது. கல்லூரிச் சேர்க்கை தொடர்பான செண்பகம் துரைராஜன் வழக்கிலும், முன்சீப் பணி தொடர்பான வெங்கடரமணா வழக்கிலும் 1951இல் உச்ச நீதிமன்றம் அரசாணைக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மாகாணமெங்கும் கிளர்ச்சி நடந்தது. அதே ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, 15(4) என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. பின்னர் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு ஆபத்து வந்தபோது, 1993இல் சட்டமன்றம் தனிச் சட்டமே இயற்றியது. அது 1994இல் அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அரசுப் பணிகளில் பெண்களுக்கு 1989இல் 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டது. அதை 40 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2021இல் வந்தது.

அமெரிக்க ஆணையையும் சென்னை அரசாணையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் ஆட்சியாளர் பிறப்பித்த ஆணைகளே. ஒன்று ஆணையாகவே நின்றுவிட்டது. மற்றொன்று விழுந்த இடத்தில் மக்கள் திரண்டு, அதை அரசியலமைப்பாகவும் சட்டமாகவும் மாற்றினார்கள். எனினும் இடஒதுக்கீட்டின் எல்லை அரசு அலுவலக வாசலோடு முடிகிறது. காந்திகிராமத்தைச் சுற்றியுள்ள பெண்களுக்கு வேலை தருவது பெரும்பாலும் தனியார் ஆலைகள். அங்கே அது செல்லாது.

ஆலைகளில் நடந்தது

கொங்குப் பகுதியிலும் திண்டுக்கல்லிலும் நூற்பாலைகள் பெருகியபோது, கிராமத்து இளம்பெண்கள் கூட்டமாக வேலைக்கு எடுக்கப்பட்டனர். மூன்று ஆண்டு வேலை செய்தால் முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை என்னும் ஏற்பாடு 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர் பெற்றது. ஹாஸ்டலில் தங்கி, வெளியே போக அனுமதி கேட்டு, பாதியில் நின்றால் தொகையை இழக்கும் நிலையில் பலர் வேலை பார்த்தனர். ஹாஸ்டலில் தங்காதவர்களை ஆலை வண்டி ஊர் ஊராக வந்து ஏற்றிச் செல்லும். பெண்ணுக்கு வேலை கிடைத்தது உண்மை. அந்தப் பணத்தில் பல வீடுகளில் தம்பி தங்கைகள் படித்தார்கள் என்பதும் உண்மை. அதனாலேயே தொல்லை நேர்ந்தாலும் வெளியே சொல்லத் தயங்கினர்; சொன்னால் வீட்டார் முதலில் செய்வது வேலையை நிறுத்துவதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1997இல் விசாகா வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகக் குழு அமைக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாகவும், ஒருவர் வெளியாளாகவும் இருக்க வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். ஆனால் குழுவை நியமிப்பது நிர்வாகம். சூப்பர்வைசர் மீது புகார் சொல்லும் தையல்காரர், அந்த சூப்பர்வைசரின் மேலாளரிடமே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

2021 ஜனவரியில், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். கொலைக்கு முன்பே மாதக்கணக்கில் தொல்லை இருந்தது எனக் குடும்பத்தார் கூறினர். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இவ்விவகாரத்தைக் கையில் எடுத்தது. ஆடைகளை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் வரை கேள்வி போனது.

ஒப்பந்தம் எப்படி இயங்குகிறது

ஓராண்டுக்கு மேல் நடந்த பேச்சுவார்த்தையின் பின், 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. தொழிற்சங்கம், ஏசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ், குளோபல் லேபர் ஜஸ்டிஸ் ஆகியவை ஒரு பக்கம். ஈஸ்ட்மேன் நிறுவனமும் எச் அண்டு எம் நிறுவனமும் மறுபக்கம். கேப், பிவிஎச் நிறுவனங்கள் பின்னர் சேர்ந்தன. தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட லெசோத்தோ நாட்டில் 2019இல் இதுபோன்ற ஏற்பாடு வந்திருந்தது. ஆசியாவில் இது முதலாவது. பால் அடிப்படையிலான வன்முறையோடு சாதி, புலம்பெயர்வு அடிப்படையிலான பாகுபாட்டையும் இது தடை செய்கிறது. சாதி என்ற சொல்லை நேரடியாக எழுதியதுதான் இதன் துணிச்சல். வெளிநாட்டு நிறுவனங்களின் கொள்கை ஏடுகளில் இனமும் பாலும் எப்போதும் இருக்கும். சாதியைக் காண்பது அரிது.

இதன் நடுப்பகுதி தயாரிப்புத் தளத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில், தொழிலாளர்களிடையே இருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தருகிறது. பக்கத்து இயந்திரத்தில் இருப்பவரிடம் சொல்வது, அலுவலக அறைக் கதவைத் தட்டுவதைவிட எளிது. கெட்ட வார்த்தையில் திட்டுவது, கழிப்பறைக்குப் போக விடாதது போன்றவை சிறிதாக இருக்கும்போதே பேசப்படுகின்றன. பெரிய வன்முறை பெரும்பாலும் இப்படிச் சிறிதாகத்தான் தொடங்குகிறது. புகார் கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. தனித்தியங்கும் விசாரணையாளர்களிடம் செல்லவும் வழி உண்டு. ஆலை விதியை மீறினால், ஆடை வாங்கும் நிறுவனம் வணிக நடவடிக்கை எடுக்கக் கடமைப்பட்டது. முதலாண்டு அறிக்கையின்படி 185 குறைகள் பதிவாயின. ஏறத்தாழ எல்லாம் தீர்க்கப்பட்டன. புகார் எண்ணிக்கை கூடியதைக் கண்டு ஆலை கெட்டுவிட்டது என்று கொள்ளக்கூடாது. பூஜ்யம் புகார் என்று காட்டும் ஆலையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

சோதனை வெளியிலிருந்தும் வந்தது. 2022 ஜூலை 29 அன்று அமெரிக்கச் சுங்கத்துறை நாச்சி அப்பேரல் சரக்கைத் தடுத்து வைக்க ஆணையிட்டது. ஒப்பந்தம் நடப்புக்கு வந்து சில மாதங்களே ஆன நேரம் அது. செப்டம்பர் 7 அன்று அந்த ஆணை தளர்த்தப்பட்டது. தடை நீடித்திருந்தால் முதலில் வேலை இழந்திருப்பவர்கள், யாருக்காக அந்தத் தடை வந்ததோ அதே பெண்கள்தான்.

எங்கே பலவீனம்

ஒப்பந்தத்தின் பிடி வெளிநாட்டு ஆர்டரில் இருக்கிறது. ஆர்டர் குறைந்தால் பிடியும் தளரும். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, ஆடைத் தொழில் முழுவதும் அதை உணர்ந்தது. அத்தகைய நேரத்தில் "முதலில் வேலை நிலைக்கட்டும், பிறகு மற்றதைப் பார்க்கலாம்" என்ற பேச்சு எழுவது இயல்பு. தொழிலாளர்களே அப்படிச் சொல்லக்கூடும். மேலும் உள்நாட்டுச் சந்தைக்கு நூல் நூற்கும் மில்லுக்கு எந்த வெளிநாட்டு நிறுவனமும் கேள்வி கேட்கப் போவதில்லை. அங்கே 2013ஆம் ஆண்டுச் சட்டமும், 10 பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவும், சங்கமும்தான் உண்டு.

வேலைத்தலத்துக்கு வெளியே உள்ளதும் கணக்கில் சேரும். கொச்சி மெட்ரோ 2017இல் திருநங்கைகளை வேலைக்கு எடுத்துப் பாராட்டுப் பெற்றது. வாடகைக்கு வீடு கிடைக்காமல் அவர்களில் சிலர் விரைவிலேயே வேலையை விட்டனர். வேலை கொடுத்தவர் கதவைத் திறந்தார், வீட்டுக்காரர் மூடினார்.

காந்திகிராமம் இதை வேறு விதமாகப் பார்த்த இடம். டாக்டர் டி. எஸ். சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளப்பட்டி அருகே இதைத் தொடங்கினர். இளம் வயதில் கணவரை இழந்து, பின் டெல்லியில் மருத்துவம் படித்து, 1940இல் சாதி கடந்து மறுமணம் செய்தவர் சௌந்திரம். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சியும் வேலையும் கொடுத்தபோது, தங்கும் இடம், மருத்துவமனை, பள்ளி ஆகியவற்றையும் சேர்த்தே இங்கே அமைத்தார்கள். 1956இல் கிராமியக் கல்வி நிறுவனம் உருவாகி, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் மாணவர்கள் கள ஆய்வுக்குச் செல்லும் கிராமங்களிலிருந்தே ஆலைக்குப் பெண்கள் போகிறார்கள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர், வண்டி வரும் நேரத்தில் ஊர் முனையில் நின்று, உங்கள் ஆலையின் உள்ளகக் குழுவில் இருப்பவர் பெயர் தெரியுமா என்று அந்தப் பெண்களைக் கேட்டுப் பார்க்கலாம்.