பழைய பிக்கப் வண்டிகளில் இஞ்சின் உஷ்ணக் கோளாறுகளைக் கண்டறியும் முறை

விளைபொருள்களை உரிய காலத்தில் மண்டிக்குக் கொண்டு சேர்ப்பது, அவற்றை விளைவிப்பதற்கு அடுத்தபடியான முக்கிய காரியமாகும். நீலகிரி ஜில்லாவில் விளையும் காரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு முதலியவற்றில் பெரும்பகுதி மலைப்பாதை வழியாக மேட்டுப்பாளையத்திற்கு இறங்குகின்றது. திரும்பும்போது அதே வண்டிகள் உரமும் மளிகைச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மேலே வருகின்றன. இவற்றுள் பல ஆண்டுகள் உழைத்த டீசல் பிக்கப் வண்டிகள் அநேகம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 300 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரத்திற்குள் இவ்வளவு உயரத்தையும் சுமையோடு ஏறவேண்டியிருப்பதால், சமவெளியில் தெரியாத சிறு குறையும் இப்பாதையில் வெளிப்பட்டுவிடும்.

உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டை எட்டியவுடன் வழியிலுள்ள ஓடை நீரை ஊற்றிக்கொண்டே ஓட்டுவதும், ஊர் சேர்ந்தபின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவதும் பலரிடம் வழக்கமாக உள்ளன. இவை நோயை அறியுமுன் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும். எப்போது, எந்த நிலையில் சூடு மிகுகின்றது என்பதை ஊன்றிக் கவனித்தால், கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் செலவின்றியே தெரிந்துவிடும்.

உஷ்ணம் அடங்கும் விதம்

எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இஞ்சினைச் சூழ்ந்தோடும் நீரில் உஷ்ணமாகச் சேருகின்றது. வாட்டர் பம்பு அந்நீரைச் சுழற்றுகின்றது. ரேடியேட்டர் அதன் சூட்டைக் காற்றில் விடுகின்றது. விசிறி காற்றை இழுத்துத் தருகின்றது. இவற்றிடையே வாயிற்காவலனைப் போல் இருப்பது தெர்மோஸ்டாட். இதனுள் இருக்கும் மெழுகு சுமார் 80 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் உருகி விரிந்து கதவைத் திறக்கும். அதுவரை நீர் ரேடியேட்டருக்குச் செல்லாமல் இஞ்சினுக்குள்ளேயே சுழன்று விரைவில் சூடேறும்.

ரேடியேட்டர் மூடியும் வெறும் மூடியன்று. உயரம் கூடக் கூட நீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். உதகமண்டலத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகின்றது. மூடியிலுள்ள வில் உள்ளே அழுத்தத்தைக் காப்பதால் கொதிநிலை 20 டிகிரிக்கு மேல் உயருகின்றது. வில் தளர்ந்த மூடியும், அதற்குப் பதிலாக வைத்த சாதாரண மூடியும் மலைமேல் இஞ்சினைக் கொதிக்கவைக்கும். ஆகவே விலை குறைந்த இம்மூடியையே முதலில் பரிசோதித்தல் வேண்டும்.

சூடு மிகும் வேளையும் அதன் காரணமும்

நின்றபடி ஓடும்போதும், சிறு கியரில் மெதுவாக ஏறும்போதும் மட்டும் சூடு மிகுந்து, வேகமாக ஓடினால் தணியுமாயின் குறை காற்றோட்டத்தில் உள்ளது. விசிறி பெல்ட் தளர்ந்திருக்கலாம். விசிறி தேய்ந்து வேகம் குறைந்திருக்கலாம். ரேடியேட்டர் இதழ்களுக்கிடையே தூசியும் பதரும் பூச்சிகளும் அடைத்திருக்கலாம். அடைப்பை இஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக மெல்லிய நீர்த்தாரையால் கழுவுதல் நலம். வேகமான தாரை இதழ்களை வளைத்துவிடும்.

சமதரையில் சரியாக ஓடி, சுமையோடு விரைவாகச் செல்லும்போது சூடேறுமாயின் நீரோட்டமே குறைந்துள்ளது எனக் கொள்ளலாம். ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிவு சேர்ந்திருக்கலாம். பம்பின் இறக்கைகள் அரித்திருக்கலாம். கீழ் ஹோஸ் குழாய் மென்மையாகி, இஞ்சின் வேகத்தில் உட்புறமாக ஒட்டிக்கொள்ளலாம். இஞ்சினை நிறுத்திய பின், விசிறிக்கு எட்டாத இடத்தில் ரேடியேட்டரின் முகப்பைக் கையால் எச்சரிக்கையுடன் தடவிப் பார்த்தால், அடைபட்ட பகுதி மட்டும் குளிர்ந்திருப்பது தெரியும்.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே முள் சிவப்பை எட்டியும் மேல் ஹோஸ் குழாய் குளிர்ந்தேயிருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று பொருள். அதைக் கழற்றி, ஒரு பாத்திரத்து நீரில் நூலால் தொங்கவிட்டு, உஷ்ணமானியுடன் காய்ச்சினால் எத்தனை டிகிரியில் திறக்கின்றதென்பது கண்கூடாகும்.

நீர் வெளியே ஒழுகாமலே நாள்தோறும் குறைந்தால் சிலிண்டர் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த இஞ்சினில் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பும்போது ரேடியேட்டரில் குமிழ்கள் இடைவிடாது எழுதல், இஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாமை, எண்ணெய் மோர்போல் வெளுத்தல் ஆகியவை அதன் அடையாளங்கள். இந்நிலையில் ஒரு லோடு மேலும் ஓட்டுவது இஞ்சின் முழுவதையுமே இழக்கும் அபாயத்திற்கு இடமாகும்.

சூடேறாத இஞ்சின்

மலைநாட்டில் இதற்கு எதிரான குறையும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழும் விடியற்காலையில் முன்கண்ணாடி மங்கி, ஹீட்டர் குளிர்ந்த காற்றையே வீசுமாயின், இரு ஹீட்டர் குழாய்களையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்து, முள்ளும் மேலே வராவிடில், தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியுள்ளது அல்லது முன்பே எவரோ கழற்றிவிட்டார். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால், ஹீட்டருக்குள் அடைப்பு அல்லது அதன் குழாயடைப்பான் திறவாமை காரணமாகும். வண்டிக்குள் இனிய மணத்துடன் ஆவி படிந்தால் ஹீட்டர் ஒழுகுகின்றது.

முள் சிவப்பை நோக்கி ஏறுகையில் ஹீட்டர் திடீரெனக் குளிர்ந்துபோவது மிக முக்கியமான எச்சரிக்கையாகும். இது நீர் குறைந்து காற்றுப் புகுந்துவிட்டதைக் காட்டும். நீர் முழுவதும் வற்றிய இஞ்சினில் உஷ்ணமானியின் முனை நீரில் படாததால் முள் கீழே இறங்கவும் கூடும். அதைக் கண்டு ஆறுதலடைந்து மேலே ஓட்டலாகாது.

தெர்மோஸ்டாட்டை ஏன் கழற்றலாகாது?

அதைக் கழற்றிய இஞ்சின் உரிய சூட்டை அடையாமல் எரிபொருளை வீணாக்கும். முழுதும் எரியாத டீசல் எண்ணெயிற் கலந்து சிலிண்டர்கள் விரைவில் தேயும். தெர்மோஸ்டாட்டே பக்கவழியை அடைக்கும்படி அமைந்த இஞ்சின்களில், அதை எடுத்துவிட்டால் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குச் செல்லாமலே சுற்றிவந்து சூடு முன்னினும் மிகும். மேலும் உண்மையான குறை மறைந்து, உள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும். புதிய தெர்மோஸ்டாட்டின் விலையோ ஹெட் வளைந்து பழுதுபார்க்கும் செலவில் மிகச் சிறு பகுதியேயாகும்.

வழியில் கொதித்தால் செய்யவேண்டுவது

முள் ஏறத் தொடங்கியதும் சுமையைக் குறைத்து ஓட்டி, ஹீட்டரை முழுதும் திறந்துவிட்டால் அதுவும் ஒரு சிறு ரேடியேட்டராக உதவும். ஆவி வெளிவருமானால் உடனே பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இஞ்சினை அணைத்தல் வேண்டும். மூடியைத் திறக்கவே கூடாது; உள்ளிருக்கும் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வெந்துபோகச் செய்யும். அரைமணி நேரத்திற்குக் குறையாமல் காத்திருந்து, மேல் ஹோஸ் குழாய் கையால் அமுக்கும்போது நெகிழ்ந்தபின், கனத்த துணியால் மூடியைப் பற்றி முதல் நிலைவரை மட்டும் திருப்பி, அழுத்தம் அடங்கியபின் திறக்கலாம். சூடான இஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு வெடிக்கும்.

நீரும் கூலண்டும்

ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள உப்புக்களே குழாய்களில் படிந்து அடைக்கின்றன. வடிநீரில் தயாரிப்பாளர் கூறும் அளவு கூலண்ட் கலந்து, குறித்த காலத்தில் மாற்றுதல் சிறந்தது. அது துருவைத் தடுப்பதோடு கொதிநிலையையும் சற்று உயர்த்தும். ஆனால் எத்திலீன் கிளைக்கால் அடங்கிய கூலண்ட் இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு. வடித்தெடுத்ததை மாட்டுத் தொட்டியருகிலோ, நாய், கோழிகள் நக்கக்கூடிய தரையிலோ கொட்டலாகாது. மூடிய பாத்திரத்தில் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தல் அவசியம்.

சங்கங்களின் பொது வண்டிகளை மேற்பார்க்கும் கிராம அதிகாரிகள், ஒரு சிறு புத்தகத்தில் நாள்தோறும் காலையில் ஊற்றிய நீரின் அளவையும், சூடேறிய இடத்தையும், அப்போதிருந்த சுமையையும் ஓட்டுநரைக் கொண்டு எழுதச் செய்வது மிகவும் பயன் தரும். ஒரு மாதக் குறிப்பைக் கண்ட மெக்கானிக் ஊகத்தின்பேரில் பாகங்களை மாற்றமாட்டார். வண்டி அறுவடை நாளில் நடுப்பாதையில் நின்றால் நஷ்டம் இஞ்சினோடு நிற்பதில்லை. ஏற்றிய காய்கறியும் மண்டி விலையும் சேர்ந்தே போகும். ஆதலின் பருவம் தொடங்குமுன் ஒரு காலைப்பொழுதை இச்சோதனைகளுக்கு ஒதுக்குவது ஒவ்வொரு வண்டி உடைமையாளருக்கும் இலாபகரமான வேலையாகும்.