ஜீப்பின் பசி

மந்தைவெளியில் எங்கள் அண்டை வீட்டு நண்பர் பாங்கு உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மதுராந்தகத்துக்கு அப்பால் அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மழைக் காலத்தில் வயற் பாதையில் சாதாரணக் கார் செல்லாது என்பதற்காக, இருபது வருஷம் உழைத்த டீஸல் ஜீப் ஒன்றை விலைக்கு வாங்கினார். ஜீப் சேற்றைக் கண்டு அஞ்சவில்லை. ஆனால் எண்ணெய் குடிப்பதில் மட்டும் அது சமுத்திரத்தைக் குடித்த அகஸ்தியருக்கு அண்ணனாயிருந்தது!

"லிட்டருக்கு ஏழு கிலோ மீட்டர்தான் ஓடுகிறது, ஸார்!" என்று ஒரு நாள் பெருமூச்சு விட்டார்.

பட்டறையில் காட்டியபோது, என்ஜினைப் பிரித்து, பிஸ்டனையும் ரிங்கையும் மாற்ற வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அதற்குக் கேட்ட தொகையோ, கிணற்றை ஆழப்படுத்த அவர் ஒதுக்கி வைத்திருந்த பணத்துக்கு ஏறக்குறையச் சமம். கிணறா, என்ஜினா? இதுதான் பிரச்னை.

ஜீப்பின் ஜாதகத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கப் படைக்காகப் பிறந்த வண்டி அது. பின்னர் மஹீந்திரா கம்பெனியார் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினார்கள். அதன் சதுர முகம் காற்றை வெட்டிக் கொண்டு போவதில்லை. முட்டிக் கொண்டு போகிறது. வேகம் ஒன்றரை மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டேகால் மடங்காகும். ஆகையால் சிறு காரைப் போன்ற சிக்கனத்தை ஜீப்பிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆயினும் ஏழு என்பது மிகவும் குறைவு.

"வைத்தியத்துக்கு முன் நாடி பார்ப்போம்" என்றேன். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவனுக்கு அளக்காமல் எதையும் நம்ப மனம் வராது.

டாங்கியை விளிம்பு வரையில் நிரப்பிக் கொண்டு மதுராந்தகம் புறப்பட்டோம். செங்கற்பட்டைத் தாண்டியதும் சாலையோரத்துக் கிலோ மீட்டர் கற்களை எண்ணிக் கொண்டே போனேன். பத்துக் கிலோ மீட்டர் கடந்த பின் வண்டியின் மீட்டரைப் பார்த்தால், ஒன்பதுதான் காட்டிற்று! காரணம் பிறகு விளங்கியது. முன்பு வைத்திருந்தவர் கம்பீரத்துக்காகப் பெரிய டயர்களை மாட்டியிருக்கிறார். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் உருளும். மீட்டருக்கோ சுற்றுக் கணக்குத்தான் தெரியும். ஏழு என்பது உண்மையில் ஏழே முக்காலுக்குச் சற்று அதிகம். ஒரு காசு செலவின்றி முக்கால் கிலோ மீட்டர் லாபம்! ஆனால் அந்தக் கனமான டயர்களைச் சுழற்ற எண்ணெயும் அதிகம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

வயலில் இறங்கியதும் நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்களின் அருகே கையைக் கொண்டு போய்ப் பார்த்தோம். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. பின்புறத்து இடது டிரம்மோ அடுப்புப் போல் தகித்தது. பிரேக் விடுபடாமல் வழி நெடுகச் சக்கரத்தைப் பிடித்துக் கொண்டே வந்திருக்கிறது. காலால் முடுக்கி, அறியாமலே பிரேக்கும் போட்டு ஓட்டியிருக்கிறோம்!

இன்னொரு விஷயம். எண்பது கிலோ மீட்டர் ஓடியும் உஷ்ணமானியின் முள் குளிர்ந்த பக்கத்திலேயே கிடந்தது. என்ஜின் தக்க சூடு அடையும் வரையில் தண்ணீரை ரேடியேட்டருக்குப் போக விடாமல் தடுக்கும் தெர்மாஸ்டாட் என்ற சிறு வால்வை யாரோ கழற்றி எறிந்து விட்டார்கள். வெயில் தேசத்தில் அது வேண்டாம் என்ற தப்பெண்ணம் பலருக்கு உண்டு. என்ஜின் குளிர்ந்தே ஓடினால் எண்ணெய் சரிவர எரியாது, உராய்வும் அதிகம்.

என்ஜினின் யோக்கியதை என்ன? காலையில் முதல் தட்டிலேயே உயிர் பெறுகிறது. நீலப் புகை இல்லை. என்ஜின் ஆயிலும் குறையவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் இந்த லட்சணங்கள் மாறியிருக்கும். முடுக்கும்போது மட்டும் கரும்புகை வந்தது. காற்று வடிகட்டியைத் திறந்தால், மதுராந்தகத்துப் புழுதியெல்லாம் அதில் குடியிருந்தது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து விடலாம் என்று நண்பர் துடித்தார். நான் இணங்கவில்லை. ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் டாங்கியை அதே விளிம்புக்கு நிரப்பி, நோட்டுப் புத்தகத்தில் குறித்தால்தான் குற்றவாளி எவன், எவ்வளவு தின்றான் என்பது புலப்படும். முதலில் பிரேக், பிறகு வடிகட்டி, பிறகு தெர்மாஸ்டாட், கடைசியில் பழைய அளவு டயர்கள். நான்காவது பிரயாணத்தில் நோட்டுப் புத்தகம் ஒன்பதரை என்று சொல்லிற்று. டயருக்குத்தான் கொஞ்சம் பணம் பிடித்தது. என்ஜினை ஒருவரும் தொடவில்லை.

நம் தேசத்துக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அந்நிய நாடுகளிலிருந்தே வருகிறது. சிக்கிக் கொண்ட ஒரு பிரேக், கப்பலேறி வந்த எண்ணெயைச் சாலையில் வெறும் சூடாக மாற்றி விடுகிறது. சுதேசியம் என்பது கதர்த் துணியோடு முடிந்து விடுவதல்ல. மாதம் ஒரு முறை டிரம்மின் அருகே கையை நீட்டிப் பார்ப்பதும் அதில் சேர்ந்ததுதான்.

சென்ற கோடையில் கிணறு ஆழமாயிற்று. அந்தத் தண்ணீரில் விளைந்த கத்தரிக்காய் எங்கள் வீட்டுக்கும் ஒரு கூடை வந்தது. ஜீப்பில்தான் வந்தது.